சூடாகும் உருக்குக்குள் அல்ட்ராசவுண்ட்: எதிரொலி அமுங்குது, உதவி தேவை

வணக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில பொறியியல் படிக்கிறன். செயற்றிட்டத்துக்காக மென்னுருக்குக் கம்பியின்ர ஒரு முனையை மின்னுலைக்குள்ள வைச்சு, மறுமுனையில இருந்து அல்ட்ராசவுண்ட் துடிப்பு அனுப்பிறம். துடிப்பை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிற புரோப்பைச் சூடான பக்கம் வைக்கேலாது, அதுக்குள்ள இருக்கிற, மின்னை அதிர்வா மாத்திற பிசோ பீங்கான் சில நூறு பாகையிலேயே செத்துப்போயிடும்.

உலைக்குள்ள இருக்கிற பகுதியில சின்ன வெட்டு ஒண்டு இருக்கு. வெட்டில இருந்தும் முனையில இருந்தும் வாற எதிரொலிகளின்ர நேர இடைவெளிதான் உருக்குக்குள்ள ஒலி போற வேகத்தைத் தருது. சூடேற வேகம் குறையும்; 727 பாகை செல்சியஸ் கிட்ட உருக்குக்குள்ள இருக்கிற பேர்லைற்று எண்ட கட்டமைப்பு, ஒஸ்தெனைற்று எண்ட வேற கட்டமைப்பா மாறத் தொடங்கேக்க வேகம்-வெப்பநிலை வளைவின்ர சாய்வும் மாறவேணும். சரியா அந்த இடத்திலதான் எதிரொலி இரைச்சலுக்குள்ள அமுங்குது. துடிப்பின்ர அதிர்வெண்ணில 5 மெகாஹேர்ட்ஸை விட்டு 1க்கு இறங்கினாச் சரிவருமா? இறங்கினா துடிப்பு நீண்டு ரெண்டு எதிரொலியும் ஒட்டிப்போகுமெண்டு பயம்.

இன்னொண்டு: 770 பாகையில, இன்னும் ஒஸ்தெனைற்றா மாறாம மிஞ்சின பெரைற்று எண்ட இரும்புக் கட்டமைப்பு காந்தத் தன்மையை இழக்கும். அதால வாற மாற்றத்தையும் கட்டமைப்பு மாற்றத்தையும் எப்பிடிப் பிரிச்சுப் பார்க்கிறது?

அல்ட்ராசவுண்டால வெல்டிங் சோதனை செய்யிற அண்ணாமார் ஆரும் இருக்கிறியளா? வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் 1 அல்லது 2.25 மெகாஹேர்ட்ஸ் புரோப் இரவல் தரக்கூடிய ஆக்கள் இருந்தாக் கீழ எழுதுங்கோ. புதுசு வாங்கிற விலை எங்களுக்குக் கட்டாது. வந்து எடுத்து, பத்திரமாத் திருப்பித் தருவம்.