ஓ.டி. (ஓவர்டைம்) அப்ரூவல் ஆன் பண்ணதுலருந்து பாதி ஓ.டி. சைபர் காட்டுது, யாராவது உதவி பண்ணுங்க

டைம்ஆபீஸ்_கோவை:
வணக்கங்க. கோயம்புத்தூர்ல பம்ப் பாகம் மெஷினிங் பண்ற யூனிட்ல டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு) பாக்கறனுங்க. 140 பேரு, மூணு ஷிப்ட், ஏ காலைல 6 டு 2, பி 2 டு 10, சி ராத்திரி 10 டு 6, வாரா வாரம் ஷிப்ட் மாறும். இதுவரைக்கும் வருகை மெஷின் பஞ்ச்ல எவ்ளோ எக்ஸ்ட்ரா வருதோ அது அப்படியே ஓ.டி.யா சம்பளத்துக்குப் போயிட்டு இருந்துச்சு, பசங்க ஷிப்ட் முடிஞ்சு டீ குடிச்சு கை கால் கழுவி முக்கா மணி நேரம் கழிச்சு பஞ்ச் வெச்சா அதுவும் ஓ.டி. ஆயிருங்க. எம்.டி. அதப் பாத்துட்டு, இனிமேல் சூப்பர்வைசர் அப்ரூவ் பண்ணாம ஒரு நிமிசம் ஓ.டி. வரக்கூடாதுன்னுட்டாரு. சரின்னு சாஃப்ட்வேர்ல ஓ.டி. ஆதரைசேஷன் கட்டாயம்ங்கற ஆப்ஷன டிக் பண்ணி, சூப்பர்வைசருங்க அஞ்சு பேருக்கும் லாகின் குடுத்து, 1ந்தேதிலருந்து ஓடிட்டு இருக்குது.

இன்னைக்கு 20ந்தேதி, ட்ரையல் ரிப்போர்ட் எடுத்தா மொத்தம் 118 ஓ.டி. என்ட்ரில 52 என்ட்ரி 0:00. சூப்பர்வைசரக் கேட்டா நான் போட்டனே சார்னு ஸ்கிரீன்ல காட்டறாரு, அதுல இருக்குதுங்க! ஒரே ஆளுக்கு போன வாரம் வருது, இந்த வாரம் வர்றதில்ல. வெண்டருக்கு போன் பண்ணா "செட்டிங்க செக் பண்ணுங்க சார்"னு சொல்லி வெச்சுட்டாங்க. சாஃப்ட்வேர் பேரு வேண்டாமுங்க, வம்பு. 25ந்தேதி சம்பளத்துக்கு டேட்டா அனுப்போணும்.

பயோமெட்ரிக்_சர்வீஸ்:
ப்ரோ, டென்ஷன் ஆவாதீங்க. பத்து வருஷமா இந்த மெஷினு, சாஃப்ட்வேர் ரெண்டையும் மாட்டிக்கினு சுத்துறவன் நானு. மொதல்ல மூணு விஷயம் பாருங்க. சூப்பர்வைசர் அப்ரூவல் போட்டதுக்கு அப்புறம் அந்த தேதிக்கு அட்டென்டன்ஸ் ரீபிராசஸ், அதாவது மறுபடி கணக்கு ஓட்டுறது, பண்ணீங்களா? நிறைய சாஃப்ட்வேர்ல நைட்டு ஒரு தடவ தான் தானா பிராசஸ் ஓடும், அதுவும் நேத்து தேதிக்கு மட்டும். ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் உக்காந்து அப்ரூவ் பண்ணா அது டேபிள்ல போய் உக்காந்துக்கும், ஆனா கணக்குல ஏறாது. ரெண்டாவது, சைபர் வர்ற ஆளுங்க எந்த கேட்டகரில இருக்காங்கன்னு பாருங்க, ஸ்டாஃப் கேட்டகரின்னா ஓ.டி. ஃபார்முலாவே இருக்காது. மூணாவது மினிமம் ஓ.டி. எவ்ளோ வெச்சிருக்கீங்க? 60 நிமிஷம்னு இருந்தா 55 நிமிஷம் வேல பாத்தவனுக்கும் சைபர் தான்.

டைம்ஆபீஸ்_கோவை:
ரொம்ப நன்றிங்க. 1லருந்து 19 வரைக்கும் மொத்தமா ரீபிராசஸ் போட்டேன், முக்கா மணி நேரம் ஓடுச்சு, 29 என்ட்ரி சரியாயிருச்சுங்க! மீதி 23. அதுல ரெண்டு ஒரே ஆளோடது, ட்ரெயினியா இருக்கறப்ப ஸ்டாஃப் கேட்டகரில போட்டிருக்காங்க, பெர்மனென்ட் ஆனப்ப யாரும் மாத்தல. மினிமம் 30 நிமிசம் தான். இப்ப மீதி 21 என்ட்ரி, அது எத்தன தடவ ரீபிராசஸ் போட்டாலும் அசைய மாட்டேங்குதுங்க.

பேரோல்_அக்கா:
அந்த 21ம் எந்த ஷிப்ட் தம்பி? ஆள் வாரியா பாக்காதீங்க, ஷிப்ட் வாரியா எக்செல்ல ஃபில்டர் போட்டுப் பாருங்க. வாரா வாரம் ஷிப்ட் மாறுதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப "போன வாரம் வந்துச்சு இந்த வாரம் வரல"ன்னா எனக்கு ஆள் மேல சந்தேகம் இல்ல, ஷிப்ட் மேல தான். அப்புறம், அப்ரூவ் பண்ண சூப்பர்வைசர் யாருன்னும் ஒரு காலம் போட்டுப் பாருங்க.

டைம்ஆபீஸ்_கோவை:
அக்கா, 21ம் சி ஷிப்ட்டுங்க! மண்டைக்கு எட்டவே இல்ல பாருங்க. ஆனா ஒரு குழப்பம், சி ஷிப்ட்லயே ஆறு என்ட்ரி சரியா வந்திருக்குது, அந்த ஆறும் ஒரே சூப்பர்வைசர் போட்டது. அவரு லாகின்ல மட்டும் ஏதாவது வேற பெர்மிஷன் இருக்குங்களா?

பேரோல்_அக்கா:
பெர்மிஷன் இல்ல, அவர் எந்த நேரத்துல உக்காந்து போடறாருன்னு கேளுங்க. ஒரு ஆளோட ரெண்டு நாள் ரோவ அடுத்தடுத்து இங்க போடுங்க, பேர் வேண்டாம்.

டைம்ஆபீஸ்_கோவை:
இதுங்க்கா:
14ந்தேதி, சி ஷிப்ட், இன் 21:52, அவுட் 08:07, கூடுதல் நேரம் 2:07, அப்ரூவ் ஆனது 0:00, ஓ.டி. 0:00
15ந்தேதி, சி ஷிப்ட், இன் 21:55, அவுட் 06:04, கூடுதல் நேரம் 0:00, அப்ரூவ் ஆனது 2:00, ஓ.டி. 0:00

அந்த சூப்பர்வைசரயும் கேட்டுட்டேன். அவரு ராத்திரி 11 மணிக்கே, நாளைக்கு ஏ ஷிப்ட்டுக்கு ஆள் வரலன்னு போன் வந்த உடனே போட்டுருவாராம். மத்தவங்க காலைல வந்து தான் போடறாங்க.

பேரோல்_அக்கா:
அவ்வளவு தான் தம்பி, கெடச்சிருச்சு. அந்த ரெண்டு லைன மறுபடி படிங்க.

அந்த ஆளு 14ந்தேதி ராத்திரி உள்ள வந்தாரு. அதனால மறுநாள் காலைல 8:07 வரைக்கும் அவர் பாத்த வேலை எல்லாமே 14ந்தேதி அட்டென்டன்ஸ். ஆனா காலைல 8 மணிக்கு ஸ்கிரீன தொறக்கற சூப்பர்வைசருக்கு தேதி பாக்ஸ்ல தானா வர்றது 15. அவரும் "இன்னைக்கு காலைல தான ரெண்டு மணி நேரம் நின்னாரு"ன்னு 15லயே ரெண்டு மணி போட்டு சேவ் பண்றாரு. சாஃப்ட்வேர் என்ன பண்ணும், பஞ்ச்ல வந்த கூடுதல் நேரம், அப்ரூவ் ஆன நேரம், ரெண்டுல எது கம்மியோ அத ஓ.டி.யா எடுக்கும். 14ல உழைப்பு இருக்கு அப்ரூவல் இல்ல, 15ல அப்ரூவல் இருக்கு உழைப்பு இல்ல, ரெண்டு பக்கமும் சைபர். நைட் 11 மணிக்கு போடறவருக்கு ஏன் சரியா வருது? அப்ப இன்னும் 14ந்தேதி மாறல, அவருக்கே தெரியாம சரியா போட்டுட்டு இருக்காரு :)

சட்டத்துலயும் கிட்டத்தட்ட இதே கணக்கு தான், ஃபேக்டரீஸ் ஆக்ட் 57ம் பிரிவுல, ஷிப்ட் நடுராத்திரிய தாண்டுனா 12 மணிக்கு அப்புறம் பாத்த வேலைய முந்தின நாளோட சேர்த்து எண்ணணும்னு இருந்துச்சு.

பயோமெட்ரிக்_சர்வீஸ்:
அக்கா செம! நான் மெஷின் டைம் தப்போன்னு அங்கயே யோசிச்சிக்கினு இருந்தேன். ப்ரோ, அப்ரூவல் ஸ்கிரீன்ல தேதிய கையால அடிக்கிற மாதிரி விடாதீங்க. பெண்டிங் ஓ.டி. லிஸ்ட்னு ஒரு மெனு இருக்கும், பிராசஸ் ஆன பஞ்ச்லருந்து தானா வரும், ஷிப்ட் தேதி, இன், அவுட், கூடுதல் நேரம் எல்லாம் பக்கத்துலயே இருக்கும், டிக் போட்டா போதும். அந்த மெனு சூப்பர்வைசர் ரோலுக்கு பெரும்பாலும் ஆஃப்ல இருக்கும், அட்மின்ல போய் குடுக்கணும்.

லேத்து_பட்டறை:
நான் டைம் ஆபீஸ் ஆள் இல்லைங்க, மெஷின்ல நிக்கிறவன். நடுவுல பேசுறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கம்பெனிலயும் இதே அப்ரூவல் சிஸ்டம் போட்டாங்க, ரெண்டு மாசம் எனக்கு 11 மணி நேரம் போச்சு. கேட்டா சிஸ்டத்துல வரலப்பா. சூப்பர்வைசர் மறந்துட்டாரு, நான் நின்னேன், பீஸ் கவுண்ட் இருக்கு, ஜாப் கார்டுல கையெழுத்து இருக்கு, ஆனா சிஸ்டத்துல வரலன்னா முடிஞ்சு போச்சு. உங்க 21 என்ட்ரியும் அப்படி போயிராம பாத்துக்கங்க அண்ணா.

பேரோல்_அக்கா:
இவர் சொல்றது தான் இந்த இழைலயே முக்கியமான விஷயம், நான் மேல எழுதாம விட்டது என் தப்பு. தம்பி, "அப்ரூவ் ஆகலன்னா சைபர்"ங்கற செட்டிங்க மொதல்ல எடுங்க. ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 59ம் பிரிவு, அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புது தொழில் பாதுகாப்பு கோடுல 27ம் பிரிவு, ரெண்டுலயும் ஓ.டி.க்கு டபுள் ரேட். வேலை பாத்த நேரத்துக்குத் தான் டபுள், சூப்பர்வைசர் டிக் போட்டாரா இல்லையான்னு சட்டம் கேக்கல. புது கோடுல ஓ.டி. பாக்கறதுக்கு சம்மதம் யார்கிட்ட வாங்கணும்னு இருக்கு தெரியுமா, தொழிலாளி கிட்ட! நம்ம ஊர்ல அந்த டிக் பாக்ஸ் எந்த சாஃப்ட்வேர்லயும் நான் பாக்கல.

நாளுக்கு 624 ரூபா சம்பளம்னு வைங்க, மணிக்கு 78, டபுள்னா 156, ரெண்டு மணிக்கு 312. உங்க 21 என்ட்ரியும் ரெண்டு ரெண்டு மணின்னா 6,552 ரூபா, ஒரு தேதி பாக்ஸ்னால போயிருக்கும்.

அதனால மூணு நிலை வைங்க, அப்ரூவ்டு, காரணத்தோட ரிஜெக்டட், பெண்டிங். டீ குடிச்சுட்டு லேட்டா பஞ்ச் வெச்சவருக்கு சூப்பர்வைசர் காரணம் எழுதி ரிஜெக்ட் பண்ணட்டும், அதுல தப்பில்ல. பெண்டிங் ஒன்னு கூட பாக்கி இருந்தா சம்பளக் கணக்க மூடற லாக் விழக்கூடாது. ரவுண்டிங்கும் பாருங்க, 30 நிமிஷத்துக்கு கீழ் பக்கமா ரவுண்ட் ஆகுதுன்னா 1:55 நின்னவருக்கு 1:30 தான் வரும், 25 நிமிஷம் காணாம போயிரும். 15க்கு மாத்துங்க, இல்ல எடுத்தே விடுங்க.

டைம்ஆபீஸ்_கோவை:
அக்கா ரவுண்டிங் 30 கீழ் பக்கம் தானுங்க இருக்குது, இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல. இன்னொன்னும் கேட்டுக்கறேன், சில நாள் ஆள் இல்லாம 4 மணி நேரம் கூட நிக்க வெக்கறாங்க, அதயும் இதே மாதிரி அப்ரூவ் பண்ணலாமுங்களா?

பேரோல்_அக்கா:
சாஃப்ட்வேர் ஏத்துக்கும், இன்ஸ்பெக்டர் ஏத்துக்க மாட்டார். பழைய ஃபேக்டரீஸ் ஆக்ட் கணக்குல ஓ.டி.யோட சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60, மூணு மாசத்துக்கு ஓ.டி. மட்டும் 50 மணி. 8ம் 4ம் 12. இங்க 12 மணி நேர வேலைக்கு 2023ல சட்டசபைல மசோதாவே நிறைவேத்தி எதிர்ப்பு வந்து வாபஸ் வாங்குனாங்க, மறந்துட்டீங்களா. இப்ப கோடு வந்ததுக்கு அப்புறம் ஓ.டி. உச்சவரம்பு அரசு போடற விதில வரும், உங்க கன்சல்டன்ட் கிட்ட இன்னைய நிலவரம் எழுத்துல வாங்கிக்கங்க. அதுவரைக்கும் மேக்ஸிமம் ஓ.டி.ய 2:00ன்னு வைங்க, ஆனா அத அப்ரூவல் ஸ்கிரீன்ல வைங்க, கணக்குல வெட்டற மாதிரி வெக்காதீங்க. 4 மணி நின்னுட்டாருன்னா 4 மணிக்கும் காசு குடுக்கணும், தப்பு நிக்க வெச்சவரோடது.

டைம்ஆபீஸ்_கோவை:
22ந்தேதி அப்டேட்டுங்க. 21 என்ட்ரியும் ஷிப்ட் தேதிக்கு மாத்திப் போட்டு ரீபிராசஸ் பண்ணேன், எல்லாம் வந்துருச்சு. அந்த லேத்து அண்ணன் சொன்னத மனசுல வெச்சு ஜாப் கார்டயும் ஒத்துப் பாத்தேன், அதுல இன்னும் மூணு பேரு மாட்டுனாங்க, அவங்களுக்கு அப்ரூவலே போடல, சூப்பர்வைசர் லீவுல போயிட்டாரு, அதயும் சேத்தாச்சு. பெண்டிங் லிஸ்ட் மெனுவ அஞ்சு பேருக்கும் ஓப்பன் பண்ணி குடுத்துட்டேன், தேதி அடிக்கற ஸ்கிரீன மறைச்சாச்சு. ரவுண்டிங் 15 ஆக்கறதுக்கு எம்.டி. ஒத்துக்கிட்டாரு, 4 மணி நேர விஷயத்துக்கு மட்டும் "பாக்கலாம்"னாரு.

ஒன்னே ஒன்னு இன்னும் உதைக்குதுங்க. சனிக்கெழம சி ஷிப்ட் ஆளு ஞாயித்துக்கெழம காலைல 8 வரைக்கும் நின்னா சனிக்கெழமைல வருது, சரி. ஆனா ஏ ஷிப்ட் ஆள் ஒருத்தர் ஞாயிறு வீக் ஆஃப்ல வந்து 6 டு 2 பாத்தா பெண்டிங் லிஸ்ட்ல 8:00 மணியும் ஓ.டி.ன்னு வருது, காம்ப் ஆஃப்பும் (பதில் லீவு) ஒன்னு தானா ஏறிக்குது. ரெண்டுல எதுங்க ஆஃப் பண்றது?

பயோமெட்ரிக்_சர்வீஸ்:
எதையும் இப்ப தொடாதீங்க ப்ரோ, 25 முடியட்டும். அதுக்கு தனி இழை போடுங்க, கேட்டகரில வீக் ஆஃப் பக்கத்து ஸ்கிரீன்ஷாட்டோட.