ஒரே மியூடெக்ஸைப் பல பூட்டுகளாகப் பிரிக்கும் பேட்சை ஏற்கலாமா?

கேள்வி

வணக்கம். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு கேச் சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதன் ஹாஷ் டேபிள், பழைய பதிவுகளை வெளியேற்ற உதவும் எல்.ஆர்.யு. பட்டியல், புள்ளிவிவர எண்ணிகள் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலிருந்தே ஒரே மியூடெக்ஸ்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை (இணையாக ஓடும் இழையை) மட்டும் உள்ளே விடும் பூட்டுதான், காத்துவருகிறது. கோர்கள் குறைவாக இருந்தவரை இது யாருக்கும் தொல்லை தரவில்லை. இப்போது 32 கோர் கணினிகளில் ஓட்டிப் பார்த்தால், த்ரெட்டுகள் வேலை செய்யும் நேரத்தைவிடப் பூட்டுக்காகக் காத்துக் கிடக்கும் நேரமே பெர்ஃப் கருவியில் மேலோங்கித் தெரிகிறது.

குழுவில் ஒருவர், பக்கெட்டுக்கு (ஹாஷ் டேபிளின் ஒரு கட்டத்துக்கு) ஒரு பூட்டு, எல்.ஆர்.யு.வுக்குத் தனிப் பூட்டு, எண்ணிகளுக்கு அட்டாமிக் (பூட்டில்லாமல் ஒரே அடியில் மாற்றும் முறை) எனப் பிரித்து ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியிருக்கிறார். வேகம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘டேபிளைத் தொடுவதற்கு முன் பூட்டை எடு’ என்று புதியவருக்கு இதுவரை ஒரே வரியில் சொல்லிவந்த விதி, எந்தப் பூட்டை எதற்கு முன் எடுப்பது, பதிவை வெளியேற்றும்போது எதை விட்டுவிட்டு எதைத் திரும்ப எடுப்பது என்று ஒரு பக்கத்துக்கு நீண்டுவிட்டது. பேட்சை எழுதியவர் நாளை வேறு குழுவுக்குப் போய்விட்டால், இந்தப் பக்கத்தைப் புரிந்துகொண்டு காப்பாற்ற யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. ஏற்பதா, திருப்பி அனுப்புவதா, நடுவில் ஏதேனும் வழி உண்டா?

மறுமொழி 1

பூட்டைப் பிரிப்பதற்கு முன், பூட்டே தேவைப்படாத இடங்கள் எவை என்று பாருங்கள். உங்கள் சர்வரின் வடிவம் மெம்கேஷ்ட் என்ற கேச் சர்வரை ஒத்திருக்கிறது. அவர்களும் ஒரே கேச் பூட்டிலிருந்து, பதிவுகளுக்கான பூட்டுகளின் வரிசைக்கு மாறியவர்கள்தான். ஆனால் அங்கே எல்.ஆர்.யு. நெரிசல் குறைந்ததற்குப் புதுப் பூட்டு மட்டும் காரணம் இல்லை. ஒரு பதிவு படிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதைப் பட்டியலின் தலைக்கு நகர்த்தாமல், 60 விநாடிக்கு ஒரு முறை நகர்த்தினால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். சூடான (அடிக்கடி படிக்கப்படும்) பதிவு எப்படியும் தலைக்கு அருகில்தான் இருக்கும் என்பதால் பயனருக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை. படிக்கும் பாதையில் அந்தப் பூட்டே பெரும்பாலும் தேவைப்படாமல் போனது.

எண்ணிகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். எல்லாக் கோர்களும் ஒரே அட்டாமிக் எண்ணியைக் கூட்டினால், அது இருக்கும் கேச் லைன் (கோர்கள் தரவைக் கையாளும் 64 பைட் துண்டு) கோருக்குக் கோர் தாவிக்கொண்டே இருக்கும். பூட்டு என்ற பெயர் இல்லையே தவிர நெரிசல் அப்படியே இருக்கும். த்ரெட்டுக்கு ஒரு எண்ணி வைத்துக்கொண்டு, புள்ளிவிவரம் கேட்கப்படும்போது மட்டும் கூட்டித் தாருங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். உங்கள் ஒரு வரி விதி இவற்றால் பெரிதாகக் குலையாது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் டேபிளின் பூட்டைப் பிரிக்க வேண்டிய நாள் வந்தே தீரும் என்பதால், லினக்ஸ் கெர்னலில் எம்மேப் பூட்டு பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு புராசஸின் நினைவக வரைபடம் முழுவதையும் ஒரே ரீடர்-ரைட்டர் பூட்டு காத்துவந்தது. பல த்ரெட்டுகள் கொண்ட நிரல்களில், ஒரு த்ரெட் நினைவக வரைபடத்தை மாற்றும் எம்மேப் அழைப்பில் இருந்தால், மற்றவற்றின் பேஜ் ஃபால்ட் (தொட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாதபோது கெர்னலை அழைப்பது) எல்லாம் காத்து நிற்கும். பூட்டே இல்லாமல் ஊகத்தின் பேரில் பேஜ் ஃபால்ட்டைக் கையாளும் பேட்சுகள் ஆண்டுக்கணக்கில் வந்தன. வேகம் தந்தும், சிக்கல் மிகுதி என்பதால் அவை உள்ளே சேரவில்லை. இறுதியில் 2023-இல் 6.4 பதிப்பில் சேர்ந்தது, ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும், அதாவது ஒவ்வொரு வி.எம்.ஏ.வுக்கும், ஒரு பூட்டு என்ற ஏற்பாடு.

அது சேர்ந்த விதத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில், 2020-இல் 5.8 பதிப்பில், பழைய பூட்டை நேரடியாகத் தொட்ட அழைப்புகளை எல்லாம் உறைச் சார்புகளாக மாற்றினார்கள். வேகத்தில் ஒரு துளிகூட முன்னேற்றம் தராத பேட்ச் அது. ஆனால் பூட்டு எங்கெல்லாம் எடுக்கப்படுகிறது என்பது அதன் பிறகே ஓரிடத்தில் கட்டுப்பட்டது. அடுத்து 6.3 பதிப்பில், வி.எம்.ஏ.வின் ஃப்ளாக் புலத்தை கான்ஸ்ட் (நேரடியாக மாற்ற முடியாதது) ஆக்கி, தனிச் சார்புகள் வழியாக மட்டுமே மாற்ற முடியும் என்று ஆக்கினார்கள். தவறிப்போய் நேரடியாக எழுதினால் கம்பைலரே தடுத்துவிடும். இதற்குப் பிறகே புதுப் பூட்டு வந்தது. அப்போதும் அது பெயரிடாத (எந்தக் கோப்புடனும் இணையாத) நினைவகத்தின் ஃபால்ட்டுகளை மட்டுமே கையாண்டது. கடினமான நிலை எது வந்தாலும் அதைக் கைவிட்டுப் பழைய எம்மேப் பூட்டுக்கே திரும்பிவிடும். எழுதுபவர்களும் பழைய பூட்டை எடுத்த பிறகே பகுதிகளைப் பூட்டினார்கள். அவற்றைத் தனித்தனியே விடுவிக்கவும் வேண்டியதில்லை, பெரிய பூட்டை விடும்போது ஒரு வரிசை எண்ணை ஏற்றினாலே எல்லாம் ஒருசேர விடுபட்டுவிடும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் பிழை வந்தது. ஃபோர்க் (ஒரு புராசஸ் தன் நகலை உருவாக்குவது) நடக்கும்போது தாய்ப் புராசஸின் பக்க அட்டவணை நகலெடுக்கப்படும். எம்மேப் பூட்டை எழுதுவதற்காக எடுத்திருப்பதால் அந்நேரத்தில் பேஜ் ஃபால்ட் எதுவும் நடக்காது என்று அந்தப் பகுதி நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. புதுப் பூட்டு வந்ததும் அது பொய்த்துப்போய், சில நிரல்களில் நினைவகம் சிதைந்தது. வசதியைத் தற்காலிகமாக முடக்கி, ஃபோர்க்கின்போது ஒவ்வொரு பகுதியையும் பூட்டும்படி திருத்திய பிறகே மீண்டும் திறந்துவிட்டார்கள். ஆகவே, உங்கள் மியூடெக்ஸ் காப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பொருள்களுக்கு அப்பால், யாரும் எழுதிவைக்காமல் அது காத்துவரும் நான்காவது ஒன்று கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். டேபிளைப் பெரிதாக்கும் பகுதியிலிருந்து தொடங்கலாம்.

மறுமொழி 3

சற்று மாறுபடுகிறேன். கெர்னலுக்கு இருக்கும் பாரம் உங்களுக்கு இல்லை. ஹாஷ் டேபிளைப் பிரிப்பது பிரச்சினைகளுக்குள் எளிதானது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் பஃபர் அட்டவணையின் பூட்டை 16 பங்குகளாக வைத்திருந்து, 9.5 பதிப்பில் 128 ஆக்கியது. மாறியது ஒரு மாறிலியின் மதிப்புதான். இரண்டு பங்குகளை ஒருசேர எடுக்க நேர்ந்தால் எண் சிறியதை முதலில் எடு என்பது அதற்கான விதியாக இருந்தது. இது ஒரு பக்கம் அன்று, ஒரு வரி.

பக்கெட் ஒவ்வொன்றுக்கும் பூட்டு என்பதைத்தான் நான் மறுக்கிறேன். பேட்சை எழுதியவரிடம், நிலையான எண்ணிக்கையில் பூட்டுகளை வைத்து, பக்கெட்டுகளை அவற்றில் பங்கிடச் சொல்லுங்கள். பூட்டுகளின் எண்ணிக்கை பக்கெட்டுகளின் எண்ணிக்கையைத் தாண்டாமலும் இரண்டும் இரண்டின் அடுக்காகவும் இருந்தால், டேபிள் இருமடங்கானாலும் ஒரு பதிவுக்குரிய பூட்டு மாறாது.

கேட்டவர்

மிக்க நன்றி. பட்டியலை நகர்த்தும் இடைவெளியையும் த்ரெட்டுக்கு ஓர் எண்ணி என்பதையும் முதலில் செய்கிறோம். பேட்சை மறுபடி படித்ததில் ஓர் ஐயம் எழுகிறது. படிக்கும் பாதை பக்கெட்டின் பூட்டை எடுத்த பிறகு எல்.ஆர்.யு. பூட்டை எடுக்கிறது. வெளியேற்றும் பாதையோ பட்டியலின் வாலிலிருந்து தொடங்குவதால், எல்.ஆர்.யு. பூட்டு கையில் இருக்கும்போதே பக்கெட்டின் பூட்டைக் கேட்கிறது. டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் நின்றுபோவது) ஆகாமல் இருக்க, பேட்சை எழுதியவர் ஒன்றை விட்டு மற்றதை எடுத்து, இடையில் பதிவு மாறிவிட்டதா என்று மறுபடி சரிபார்க்கிறார். அந்தப் பக்க நீள விதியில் பாதிக்கு மேல் இதற்காகத்தான் போகிறது.

மறுமொழி 2

அந்த மறுசரிபார்ப்பை முழுவதுமாக எடுத்துவிடலாம். வெளியேற்றும் பாதையில் பக்கெட்டின் பூட்டை ட்ரைலாக் (காத்திராமல் முயன்று பார்க்கும் அழைப்பு) மூலம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பதிவை விட்டுவிட்டு வாலிலிருந்து அடுத்ததற்குப் போங்கள். மெம்கேஷ்ட் செய்வதும் இதுதான். எந்தப் பழைய பதிவு வெளியேறினாலும் சரி என்பதால், இந்த ஓரிடத்தில் தோற்றுப்போக நமக்கு உரிமை இருக்கிறது. டேபிளைப் பெரிதாக்கும்போது எல்லா த்ரெட்டுகளையும் நிறுத்திவைத்துவிடலாம்; அரிதாக நடப்பதற்கு நுணுக்கமான பூட்டு வேண்டாம்.

எஞ்சும் விதியை உரைக்குறிப்பில் மட்டும் எழுதிவைக்காதீர்கள். கெர்னலில் 2006 முதல் லாக்டெப் என்ற கருவி இருக்கிறது. பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையை ஓட்டத்தின்போதே கவனித்து, டெட்லாக் உண்மையில் நேர்வதற்கு முன்பே அது எச்சரித்துவிடும். உங்களுக்கு அது இல்லை. ஆனால் எந்தப் புலத்தை எந்தப் பூட்டு காக்கிறது என்று அடையாளமிட்டால் கிளாங் கம்பைலரே சரிபார்த்துச் சொல்லும். த்ரெட் சானிடைசர் என்ற சோதனைக் கருவியைத் தினசரி சோதனையில் சேர்த்தால், பூட்டில்லாமல் தொட்ட இடங்கள் பலவும் அகப்படும். இந்த அடையாளங்களைப் பழைய ஒற்றை மியூடெக்ஸ் இருக்கும்போதே இட்டு முடித்துவிடுங்கள்; பிரிக்கும் பேட்ச் அதற்கு மேல் தனியாக வரட்டும்.