வெஸ்ட் ஹாம் மேனேஜர்கள்: உங்களுக்கு வாய்த்தது யார் காலம்?

ஈஸ்ட் ஹாம் பழசு

2025 செப்டம்பரில எங்கட லண்டன் ஃபுட்பால் கிளப் வெஸ்ட் ஹாம், மனேஜர் கிரஹாம் பாட்டரை அனுப்பிப்போட்டு நூனோவைக் கொண்டுவந்த கையோட, கடைக்கு வாற பெடியன் ஒருத்தன் கேட்டான்: "அங்கிள், உங்கட காலத்திலயும் இப்பிடித்தானோ மாத்தினவை?" இல்லையடா எண்டு சொல்ல வெளிக்கிட்டு, வாடிக்கையாளரை மறந்து கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன்.

1902 இலயிருந்து 1989 வரைக்கும் வெஸ்ட் ஹாமுக்கு ஐஞ்சே ஐஞ்சு மனேஜர்தான். சிட் கிங், சார்லி பெய்ன்டர், டெட் ஃபென்டன், ரான் கிரீன்வுட், ஜான் லயல். அதுக்குப் பிறகு வந்தவையை எண்ண ரெண்டு கை விரலும் காணாது.

நான் கண்டது லயலின்ர கடைசி வருசங்கள். அந்த நாளில மாட்ச் எண்டால் எங்கட ஆக்கள் கன பேர் மைதானம் இருந்த கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் போகமாட்டினம். பயம்தான். நான் வேலைத்தலத்து நண்பர் ஒருத்தரோட ஒட்டிக்கொண்டு போனன். 1986 ஏப்ரல், நியூகாசிலோட ஆட்டம், 8-1. அல்வின் மார்ட்டின் எண்ட டிஃபெண்டர் மூண்டு கோல் அடிச்சார். மூண்டும் மூண்டு வேற ஆள் கோல் காவல் நிக்கேக்க! கீப்பருக்குக் காயம், பதிலுக்கு நிண்டவருக்கும் காயம், கடைசியில கோல் அடிக்கிற ஆளான பீட்டர் பியர்ட்ஸ்லி கையுறை போட்டார். அந்த சீசன் மூண்டாம் இடம். அதுக்கு மேல இந்தக் கிளப் இண்டுவரைக்கும் போனதில்லை.

மூண்டு வருசம் கழிச்சு ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கினவுடன லயலை நிப்பாட்டிப்போட்டினம். 34 வருசம் அங்க இருந்த மனுசன். பெடியனா வந்து, ஆடி, முழங்கால் போய், பயிற்சியாளராகி, 1975 இலயும் 1980 இலயும் எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் குடுத்தவர். பிறகு இப்ஸ்விச்சுக்குப் போய் 1992 இல அவையை பிரீமியர் லீகுக்கு ஏத்திவிட்டார். எனக்கு அதில ஒரு சின்ன சந்தோசம்.

நீங்கள் என்ன கண்டனீங்கள்? ஸ்கோர் மட்டும் போடாதேங்கோ, கண்டதை எழுதுங்கோ.


தாம்பரம் எக்ஸ்பிரஸ்

அண்ணா, நான் 2002ல படிக்க வந்தேன். அறை கிடைச்சது மைதானத்துக்கிட்ட, அப்டன் பார்க் ஸ்டேஷன் பக்கம். அதனால கிளப்பும் கிடைச்சது, வேற காரணம் இல்ல.

எனக்கு வாய்ச்சவர் கிளென் ரோடர். டீமைப் பாருங்க: டி கானியோ, ஜோ கோல், கேரிக், டெஃபோ, கனூட்டே, கோலுக்கு டேவிட் ஜேம்ஸ். இவ்வளவு பேரை வெச்சுக்கிட்டு வரிசையா தோத்தாங்க. எனக்கோ ஃபுட்பால் புதுசு, இதுதான் வழக்கம்போலன்னு நினைச்சுக்கிட்டேன். 2003 ஏப்ரல்ல மிடில்ஸ்பரோவை ஜெயிச்ச அன்னைக்கு, மேட்ச் முடிஞ்சு ரோடர் தன் அறையில சுருண்டு விழுந்துட்டார். மூளையில கட்டி. காலையில வரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டிருந்த பக்கத்து அறைக்காரர் ராத்திரி ரேடியோ முன்னாடி பேச்சில்லாம உட்கார்ந்திருந்தார்.

மிச்ச மூணு மேட்ச்சுக்கு டிரெவர் புரூக்கிங் பொறுப்பெடுத்தார். ரெண்டு ஜெயிச்சு ஒண்ணு டிரா. 42 பாயிண்ட் எடுத்தும் கீழே போனோம். 38 ஆட்ட பிரீமியர் லீகுல அவ்வளவு பாயிண்ட்டோட யாரும் இறங்கினதில்ல. ரோடர் குணமாகி வந்து அடுத்த சீசன் ஆரம்பிச்சார், ஆகஸ்ட்லயே அனுப்பிட்டாங்க.

எனக்கு இன்னைக்கும் பிடிபடாத விஷயம் வேற. 2014 மார்ச்ல ஹல் சிட்டியை 2-1 ஜெயிச்சோம். விசில் அடிச்சதும் சொந்த ஜனமே "பூ"ன்னு கத்துது. மேனேஜர் சாம் அலர்டைஸ் காதுக்குப் பின்னாடி கையை வெச்சு, என்ன சத்தம்னு கேக்கற மாதிரி நின்னார். ஜெயிச்சதுக்கா திட்டு? எந்த ஊர் நியாயம்?


கிளாரெட் நீலம்

தம்பி, ஹல் பத்து பேரோடு ஆடிய மேட்ச் அது. ஐம்பது அடி உயரத்துக்குப் பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவதை இந்த ஊர்க்காரர்கள் ஃபுட்பாலாகக் கணக்கில் எடுப்பதில்லை. அலர்டைஸ் 2012ல் பிளேஆஃப் ஜெயித்து பிரீமியர் லீகுக்கு மேலே கொண்டுவந்தவர்தான், மறுக்கவில்லை.

இந்தப் பிடிவாதத்தை ஊட்டியவர் கிரீன்வுட். அவர் இந்தக் கிளப்பில் ஆடியவர் இல்லை, ஆர்சனலில் பயிற்சியாளராக இருந்து 1961ல் வந்தவர். பந்தைத் தரையில் அழகாக ஆடுவதை "வெஸ்ட் ஹாம் வழி" என்று சொல்லிக்கொள்கிறோமே, அதன் பெரும்பங்கு வெளியாள் கொண்டுவந்தது! 1964ல் எஃப்.ஏ. கோப்பை, 1965ல் வெம்ப்ளியில் மியூனிக் 1860 அணியை 2-0 என வென்று உள்நாட்டுக் கோப்பை வென்ற அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை. மறுவருடம் இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்கியபோது மூர், ஹர்ஸ்ட், பீட்டர்ஸ் மூவரும் அவர் வளர்ப்பு. இத்தனைக்கும் லீகில் அவர் அணி பெரும்பாலும் நடுவிலோ கீழேயோதான் கிடந்தது.

கிரீன்வுட் விஷயத்தில் எனக்கு முக்கியமானது 1972 ஏப்ரல் 1. டாட்டனமுக்கு எதிராக கிளைட் பெஸ்ட், கிளைவ் சார்ல்ஸ், அடே கோக்கர் என்று மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை ஒரே அணியில் இறக்கினார். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பழசு அண்ணன் சொன்ன பயம் இருந்த அதே தெருவில்தான் இதுவும்.


பிளாஷெட் அக்கா

நான் இங்கேயே படித்து வளர்ந்தவள். எங்கள் வகுப்புப் பையன்களுக்கு அப்போதைய மேனேஜர் ஹாரி ரெட்நாப் என்றால் உயிர். 1996ல் ரசிகர் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, இளம் ஆட்டக்காரர் ஃபிராங்க் லாம்பார்டு சொந்தக்காரப் பையன் என்றுதானே ஆடவைக்கிறீர்கள் என்று கேட்கிறார். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். ரெட்நாப்பின் மனைவியும் பையனின் அம்மாவும் இரட்டைச் சகோதரிகள், நம் கணக்கில் ரெட்நாப் அவனுக்குச் சித்தப்பா. இவன் உச்சிக்கே போவான், இதில் சந்தேகமே வேண்டாம் என்று ரெட்நாப் அடித்துச் சொல்கிறார். அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்டவரைவிட, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பையனைத்தான் பார்ப்பேன்.

லாம்பார்டு போனது இன்னொரு லண்டன் கிளப்பான செல்சிக்கு. அதைப் பற்றிப் பேசினால் எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.


தாம்பரம் எக்ஸ்பிரஸ்

ஏவ்ராம் கிராண்ட் பத்தி யாரும் எழுதலையா? 2011 மே, விகன்ல 2-0 முன்னாடி இருந்து 3-2 தோத்து கீழே போனோம். மேல ஒரு விமானம், "ஏவ்ராம் கிராண்ட், மில்வால் நாயகன்"னு பேனரை இழுத்துக்கிட்டு. பணம் கொடுத்தவங்க பரம எதிரி மில்வால் ரசிகர்கள். வயித்தெரிச்சலையும் மீறி சிரிச்சேன். அன்னைக்கே அவர் வேலையும் போச்சு.


ஈஸ்ட் ஹாம் பழசு

தம்பி, நீர் கேட்ட "எந்த ஊர் நியாயத்துக்கு" மற்றப் பக்கமும் இருக்கு. 1991 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, வில்லா பார்க், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோட. மனேஜர் பில்லி பாண்ட்ஸ், இந்தக் கிளப்புக்கு 799 ஆட்டம் ஆடினவர். முதல் பாதியிலயே டோனி கேலுக்கு சிவப்பு அட்டை. 4-0 தோல்வி. நான் வீட்டில டிவியில பாத்துக்கொண்டிருந்தன். ஒவ்வொரு கோல் விழவிழ, எங்கட சனம் பாண்ட்ஸின்ர பேரைச் சொல்லி இன்னும் சத்தமாப் பாடுது! வெண்ட ஃபாரஸ்ட் ஆக்களின்ர சத்தம் கேக்கவேயில்லை. என்ர மனுசி அடுக்களையில இருந்து வந்து, "ஆர் வெண்டது?" எண்டு கேட்டவ.


பிளாஷெட் அக்கா

அப்படியென்றால் டேவிட் மோய்ஸை எந்தக் கணக்கில் வைப்பீர்கள் அண்ணா? 2018ல் அணியைக் கீழே போகவிடாமல் காப்பாற்றினார், ஒப்பந்தத்தை நீட்டவில்லை. பெலெக்ரினி சரிவரவில்லை என்றதும் 2019 கடைசியில் திரும்பக் கூப்பிட்டார்கள், மறுக்காமல் வந்தார். 2023 ஜூன் 7, யூரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் இறுதி, பிராக் நகரில் ஃபியோரென்டினாவை 2-1. தொண்ணூறாவது நிமிடம் ஜாரட் போவன் கோல். 1980க்குப் பிறகு முதல் பெரிய கோப்பை. தன் பதக்கத்தை வயதான அப்பாவின் கழுத்தில் போட்டார் மோய்ஸ்.

மறுநாள் திறந்த பஸ் ஊர்வலம். பார்க்கிங் ரோட்டில் நம் மளிகைக்கடைக்காரர்கள் எல்லாரும் ஷட்டரை ஏற்றிவிட்டு வாசலில் நின்றார்கள். என் மகள் என் தோளில். சேலை கட்டிய பாட்டிமார்கூட கையசைத்தார்கள், யாருக்கென்று தெரியாமலே!


கிளாரெட் நீலம்

அக்கா, மோய்ஸின் கடைசி வருடம் நீங்கள் மைதானத்துக்குப் போனீர்களா? ஒன்பதாம் இடம், சரி. பந்து நம்மிடம் இருந்த நேரம் எவ்வளவு? கோப்பைக்கு நன்றி, ஆனால் 2024ல் போனது சரியான நேரம்.


பிளாஷெட் அக்கா

போய்ப் பதினாறு மாதத்துக்குள் லோபெடெகி, பாட்டர், நூனோ. ஒன்பதாம் இடத்தை இப்போது யாராவது தந்தால் வேண்டாம் என்பீர்களா?


ஈஸ்ட் ஹாம் பழசு

நான் வாங்குவன். ஆனால் மோய்ஸை லயலுக்குப் பக்கத்தில வைக்கச் சொல்லாதேங்கோ, அதுக்கு ஒத்துக்கொள்ளமாட்டன். ஃபென்டன் காலத்தைப் பற்றித் தெரிஞ்ச ஆரும் இருக்கினமோ? பார்க்கிங் ரோடு கசெட்டாரி கஃபேயில மால்கம் அலிசனும் மற்ற ஆட்டக்காரரும் உப்புப் போத்தல், மிளகுப் போத்தலை மேசையில நகர்த்தி ஆட்ட வியூகம் போட்டவை எண்டு கதை. அங்க சாப்பிட்டவை இருந்தால் எழுதுங்கோ.