புதுப்பிப்பு: பின்சக்கர உதறல் தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: என் பைக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திருகும்போதெல்லாம் பின்னால் 'டக்' என்று ஓர் உதறல், புதுச் செயின் செட் மாட்டியும் போகவில்லை என்று. செயின் தளர்வைப் பார்க்கச் சொன்னீர்கள். அது சரியாகவே இருந்தது.

அப்புறம் சக்கரத்தைக் கழற்றியதும் புரிந்தது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கும் நடுவே உட்காரும் குஷ் ரப்பர்கள் கல்லாக இறுகி, ஓரம் தேய்ந்து, தொட்டதும் கழன்று விழுந்தன. இன்ஜின் இழுக்கும் அதிர்வை வாங்கிக்கொள்வதே அவற்றின் வேலை. புது ரப்பர்கள் அவ்வளவு இறுக்கம். சோப்புத் தண்ணீர் தடவித்தான் உள்ளே தள்ளினேன். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

நேற்று 60 கி.மீ. ஓட்டினேன். இரண்டாவது கியரில் மெதுவாகப் போனாலும் உதறலே இல்லை, அத்தனை நிம்மதி! செயின் மாற்றுகிறவர்கள் ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் அது மட்டும் ஆடினால் ரப்பரையும் மாற்றிவிடுங்கள்.