காற்று பறித்த விசிறி: ஒன்பதாம் டான்ஜூரோவை நான் அறிந்த கதை

ஜப்பானின் மரபு நாடகமான கபுக்கியின் பழைய நடிகர்களில் யாரை, எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது ஒரு சிலையில் தொடங்கியது.

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். அசகுசாவில் சென்சோஜி கோயிலுக்குப் போயிருந்தேன். முன்பக்கம் நிற்க இடமில்லை. கூட்டத்துக்குப் பயந்து கோயிலின் பின்பக்கம் போனால், அங்கே ஒரு வெண்கல மனிதர். பாய்மரம் போல விரிந்த சட்டைக் கைகள், ஆளை விட நீளமாகத் தெரியும் வாள், மிரட்டும் முகம். 'ஷிபராக்கு' நாடகத்தில் வரும் வீரன் வேடம் அது. அந்தச் சொல்லுக்கு 'கொஞ்சம் பொறு' என்று பொருள். வேடத்தில் இருப்பவர் ஒன்பதாம் இச்சிக்காவா டான்ஜூரோ. டான்ஜூரோ என்பது குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் மேடைப் பெயர். 1919இல் வைத்த சிலையைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். இப்போது இருப்பது 1986இல் மறுபடி வார்த்தது.

ஒரு நடிகருக்குக் கோயில் வளாகத்தில் சிலை, அதுவும் இரண்டு முறை. யார் இவர் என்று அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

1838இல் பிறந்தவர். ஏழாம் டான்ஜூரோவின் ஐந்தாவது மகன். பிறந்த கொஞ்ச நாளிலேயே கவராசாகி அரங்கை நடத்திய குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். பெற்ற அப்பா நாட்டிலேயே பெரிய நடிகர், ஆனால் பிள்ளை வளர்ந்தது வேறு வீட்டில். அங்கே பயிற்சி மிகக் கடுமை. பையனுக்கு நான்கு வயதாகும்போது, 1842இல், ஆடம்பரத் தடைச் சட்டத்தின் பேரில் அந்தப் பெற்ற அப்பாவை எடோ நகரிலிருந்தே (இன்றைய டோக்கியோ) வெளியேற்றினார்கள். 1854இல் அண்ணன் எட்டாம் டான்ஜூரோ ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டார். எடோவே கொண்டாடிய அழகன் அவர். காரணம் இன்றுவரை தெளிவில்லை. 1868இல் வளர்ப்புத் தந்தையை வீடு புகுந்த கொள்ளையர்கள் கொன்றார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனைக்கும் பிறகுதான் அவர் 1874இல் டான்ஜூரோ என்ற பெயரை ஏற்கிறார். அண்ணனோடு போன பெயர் இருபது வருடம் ஆள் இல்லாமல் கிடந்தது. அதை எடுத்துச் சூட்டிக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அவர் பெயர் ஏற்ற காலத்தில் நாடே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. நடிகர்களை 'ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்கள்' என்று இழிவாகப் பேசி வந்த நாடு அது. 1878இல் ஷின்டோமி அரங்கின் திறப்பு விழாவில் அவர் மேற்கத்திய பாணி வால்கோட்டு அணிந்து நின்று உரை வாசித்தார். வரலாற்று நாடகத்தில் உடையும் பேச்சும் அந்தந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் அதற்குக் கிண்டலாக 'கட்சுரெக்கி', அதாவது 'உயிருள்ள வரலாறு', என்று பெயர் வைத்தார். ரசிகர்களுக்கும் அது பெரிதாகப் பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் ரசிகர்கள் பக்கம்தான். கபுக்கிக்குப் போகிறவன் அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை. ஆனாலும் தன் கலையை யாரும் மட்டமாகப் பேசக் கூடாது என்ற அவருடைய தவிப்பு புரிகிறது.

1887 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் இனோவே கவோருவின் மாளிகையில் மேடை போட்டார்கள். மெய்ஜி பேரரசர் வந்து உட்கார்ந்து கபுக்கி பார்த்தார். 'கஞ்சின்சோ' நாடகத்தில், மாறுவேடத்தில் இருக்கும் தன் தலைவனைக் காவல் சாவடி தாண்டி அழைத்துப் போகும் வீரன் பென்கெயாக ஆடியவர் ஒன்பதாம் டான்ஜூரோ. அவருடைய அப்பா 1840இல் முதன்முதலாக மேடை ஏற்றிய நாடகம் அது. ஊரை விட்டே வெளியேற்றப்பட்ட அப்பாவின் நாடகத்தை, நாட்டின் பேரரசர் முன்னால் மகன் ஆடுகிறார். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் அந்தக் கஞ்சின்சோவை டோக்கியோவின் கபுக்கிசா அரங்கில் பார்த்திருக்கிறேன். நாலாம் மாடியில், ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு. மொழி பாதிகூடப் புரியவில்லை. ஆனால் வெறும் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதைப் படிப்பது போலப் பென்கெய் முழங்குகிறாரே, அது புரிந்தது. காவலனின் சந்தேகத்தைப் போக்க, சொந்தத் தலைவனையே தடியால் அடிக்கிறாரே, அதுவும் புரிந்தது. கடைசியில் கூட்டத்தின் நடுவே போகும் பாதையில் ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போகும்போது, எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர் "நாரித்தாயா!" என்று ஒரு சத்தம் போட்டார். இச்சிக்காவா குடும்பத்தின் அழைப்புப் பெயர் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒன்பதாமவர் நடித்த ஏதாவது பதிவு இருக்கிறதா அண்ணா?

*

இருக்கிறது தம்பி. சில நிமிடங்கள்தான். 'மொமிஜிகாரி' என்று தேடினால் கிடைக்கும்.

1899 நவம்பரில், கபுக்கிசாவின் பின்புறம் திறந்தவெளியில் இருந்த சின்ன மேடையில், ஷிபாட்டா சுனேகிச்சி என்பவர் எடுத்தது. படம் எடுப்பதே டான்ஜூரோவுக்குப் பிடிக்கவில்லை. பிற்காலத்தவருக்கு ஒரு பதிவு வேண்டும் என்று கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். தான் உயிரோடு இருக்கும்வரை திரையிடக் கூடாது என்பது நிபந்தனை. அன்று காலை பலத்த காற்று. அறுபதைத் தாண்டிய மனிதர், இளவரசி உருவில் வந்த அரக்கியாக விசிறி நடனம் ஆடுகிறார். எதிரே அந்தக் காலத்தின் இன்னொரு பெரிய நடிகரான ஐந்தாம் கிகுகோரோ. நடுவில் காற்று ஒரு விசிறியைப் பறித்துவிடுகிறது. ஆட்டம் நிற்கவில்லை. மறுபடி எடுக்கவும் இல்லை. பிழையோடு அப்படியே நிலைத்துவிட்டது.

நான் அதைக் கைப்பேசியில் பார்த்தேன், இருபது தடவையாவது இருக்கும். ஒலி இல்லை, படமும் தேய்ந்துபோயிருக்கிறது. அந்த வெண்கல முகத்தில் கிடைக்காத ஒன்று இதில் கிடைத்தது. விசிறி போன பிறகும் அந்த உடம்பு இளவரசியாகவே இருக்கிறது.

1903இல் கிகுகோரோ பிப்ரவரியில் போய்விட்டார். ஒன்பதாமவருக்கும் உடம்பு முடியாமல் போய், அந்த நிபந்தனை இருந்தும், ஒசாகாவில் அவர் வந்து ஆட வேண்டிய இடத்தில் இந்தப் படத்தைக் காட்டினார்கள். செப்டம்பரில் சிகசாகி வீட்டில் அவரும் காலமானார். 2009இல் ஜப்பான் அரசு இந்தப் படத்தை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஒரு திரைப்படத்துக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை.

இவர்கள் இருவர் நினைவாகத்தான் மே மாதங்களில் கபுக்கிசாவில் 'டான்கிகு' விழா நடக்கிறது, தம்பி. அடுத்த மே மாதம் நாலாம் மாடிக்கு நானும் வருகிறேன். சீட்டு எடுக்கும்போது சொல், சேர்ந்தே போகலாம்.