பொருள்: ரீஸ்டோருக்கு முதலில் சொல் காண்போம் ("காப்புப்படி", "படிமீட்பு")

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீட்டுக் கணினிக்கு ஏற்ற பேக்கப் மென்பொருளை, அதாவது கோப்புகளின் நகலைத் தனியே எடுத்து வைக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேட்டுக்காகச் சொல் தேடத் தொடங்கினோம். இதுவரை வந்த மடல்கள் எல்லாம் பேக்கப் என்ற ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன. காப்புநகல், காப்புப்பிரதி, மறுபிரதி, இவற்றில் எதை வைத்தாலும் வாசகருக்குப் புரிந்துவிடும். நம்மிடம் தெளிவான சொல் இல்லாதது, அந்த நகலிலிருந்து கோப்புகளைத் திரும்பக் கொண்டுவரும் ரீஸ்டோருக்குத்தான். தவறான பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் இழக்கும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

> ரீஸ்டோருக்கு 'மீட்டமை' என்றே வைத்துவிடலாமே. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

புழக்கத்தில் இருக்கிறது, ஐயா. ஆனால் நேரெதிரான இரண்டு வேலைகளுக்குப் புழங்குகிறது. தமிழ் இடைமுகங்களில் ரீஸ்டோரும் மீட்டமை, ரீசெட்டும் மீட்டமை. முன்னது எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவருவது. பின்னது இருப்பதைத் துடைத்துவிட்டுக் கருவியைக் கடையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவது. குடும்பப் படங்கள் காணாமற்போன பதற்றத்தில் பட்டியைத் திறக்கும் ஒருவருக்கு 'மீட்டமை' என்ற சொல் எவ்வளவு ஆறுதலாகத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். ரீசெட்டை 'மீளமை' என்று பிரித்துவிடலாம் என்கிறார் இன்னொரு நண்பர். ஓரிரு எழுத்து வேறுபாட்டை நம்பி யாருடைய கோப்புகளையும் பணயம் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ரீசெட்டுக்கு 'தொடக்கநிலைக்குத் திருப்பு' என்று நீளமாகவே இருக்கட்டும். அழிக்கும் கட்டளை நீளமாக இருப்பது நல்லது. படிக்கும் அந்த நேரத்தில் கை சற்று நிற்கும்.

ரீஸ்டோருக்கு என் முன்மொழிவு: பெயர்ச்சொல்லாக படிமீட்பு, கட்டளையாக படியிலிருந்து மீட்டெடு. இங்கே 'படி' என்பது நகல். எதிலிருந்து மீட்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இதற்குக் காரணம். வெறும் 'மீட்பு' என்றால், பழுதான வட்டிலிருந்து அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் மென்பொருள்களும் அதே பெயரில் வந்து கலந்துவிடும். அந்த வேலை வேறு. அழித்த இடத்தின் மேல் வேறு தரவு எழுதப்படாமல் இருந்தால்தான் அதற்கு வாய்ப்பு. நினைவகச் சில்லுகளால் ஆன எஸ்எஸ்டி வட்டுகளில் டிரிம் என்ற கட்டளை அழித்த பகுதிகளை வெறுமையாக்கிவிடுவதால் பெரும்பாலும் அந்த வாய்ப்பும் இல்லை. அதை 'சிதைவு மீட்பு' என்று தனியே பிரித்துவிடுவோம்.

நகலுக்கு 'படி' என்று வைத்துக்கொண்டால், பேக்கப் தானாகவே காப்புப்படி ஆகிறது.

> காப்புப்படியா? அகவிலைப்படி, பயணப்படி மாதிரி ஏதோ ஊதியத்தோடு வரும் தொகை என்றல்லவா நினைப்பார்கள்!

நியாயமான ஐயம்தான், அம்மா. ஆனால் கையெழுத்துப்படி, தட்டச்சுப்படி என்று எழுதும்போது யாரும் சம்பளச் சீட்டை நினைப்பதில்லை. கல்வெட்டுத் துறையில் 'மைப்படி' என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒற்றித் தட்டி, மையிட்டு, எழுத்தை அப்படியே எடுப்பது. கல் சிதைந்துபோன பிறகும் மைப்படியைக் கொண்டே படிக்கக் கிடைக்கும் கல்வெட்டுகள் உண்டு. மூலம் போனாலும் படி பேசும் என்ற பொருள் இந்தச் சொல்லோடு ஏற்கெனவே ஒட்டியிருக்கும்போது நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை என்பது என் துணிபு.

இரண்டு இடங்களில் உள்ள கோப்புகளை ஒன்றுபோலவே வைத்திருக்கும் சிங்க் என்பதற்கு 'ஒத்திசைவு' இருக்கிறது. அதில் மாற்றம் வேண்டாம். ஆனால் ஒத்திசைவு காப்புப்படி ஆகாது என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கூகுள் டிரைவ் போன்ற சேவையோடு ஒத்திசையும் கோப்புறையில் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழிகிறது. அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) புகுந்து கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய கோப்புகளே மேலே போய்ச் சேரும். பழைய பதிப்புகளைத் தனியே வைத்திருப்பதுதான் காப்புப்படிக்கு அடையாளம்.

இனி மென்பொருள் தேர்வு. எத்தனை வசதிகள் இருக்கின்றன என்று அட்டவணை போடும் பகுதியைக் குறைத்துவிட்டு, படிமீட்பு எப்படி நடக்கிறது என்பதை விரித்து எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பலரும் அறிவீர்கள். தவறான சேவையகத்தில் தரவுத்தளக் கோப்புறை அழிக்கப்பட்டது. படி எடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பாடுகள் இருந்தும் கைகொடுக்கவில்லை. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, படியெடுக்கும் கருவியின் பதிப்பு வேறொன்று. அதனால் நாள்தோறும் எடுக்க வேண்டிய படி எடுக்கப்படாமலே இருந்தது. அதை எச்சரித்த மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்திருந்த ஒரு நிலைப்பதிவு (ஸ்னாப்ஷாட்) கிடைத்ததால் மீண்டார்கள். அவ்வளவு பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், வீட்டில் தனியாகக் கணினி வைத்திருப்பவருக்கு யார் சொல்வது? கையேடுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே இன்னொரு சொல்லும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்: மீட்பு ஒத்திகை. தேவை வரும் முன்பே படியிலிருந்து மீட்டுப் பார்ப்பது. இது சரிபார்ப்பிலிருந்து வேறுபட்டது. படியெடுக்கும் மென்பொருளான ரெஸ்டிக்கில் 'செக்' கட்டளையை வெறுமனே கொடுத்தால், படிகளைச் சேமித்திருக்கும் கிடங்கின் கட்டமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 'ரீட்-டேட்டா' என்று சேர்த்துக் கொடுத்தால்தான் சேமித்த தரவு முழுவதையும் படித்துப் பார்க்கும். அதுவும் சரியாக இருந்தாலும், நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கிறதா என்பதை ஒத்திகைதான் காட்டும்.

ஒரு கோப்புறையை வெற்று இடத்தில் மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் உடையாமல் வந்தனவா? படங்களின் தேதி எடுத்த நாளா, மீட்ட நாளா? நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே வெளிப்படும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களைப் புதுக் கணினியில் மீட்டால், கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாததால் திரையில் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஆவணக் கோப்புறையை மட்டும் படியெடுத்தால் எழுத்துரு அதில் வராது. விண்டோஸில் எழுத்துருக்கள் பெரும்பாலும் இயங்குதளத்தின் கோப்புறையில் கிடக்கின்றன. இயங்குதளம் உட்பட வட்டு முழுவதையும் அப்படியே எடுக்கும் முழு வட்டுப் படிமம் எடுத்திருந்தால் கூடவே வந்திருக்கும். கோப்புப் படிக்கும் வட்டுப் படிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

லினக்ஸ் பயனர்களுக்கு இதே வேறுபாடு தலைகீழாக வரும். டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் இயங்குதளத்தைத்தான் காக்கிறது. இயல்பான அமைப்பில் பயனரின் சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. அதை நிறுவிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

படியை அதை எடுத்த மென்பொருளால் மட்டுமே திறக்க முடியுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. விண்டோஸில் படியெடுக்கும் மென்பொருளான மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு முடிந்தது. அதைப் போன்ற தனிவடிவப் படிகளை வைத்திருப்பவர்கள் அந்த மென்பொருளின் நிறுவல் கோப்பையும் மீட்பு யூஎஸ்பியையும் கூடவே பேண வேண்டும். கோப்புகளை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் வெறும் கோப்புகளாகவே படியெடுப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பழைய பதிப்புகளை வைத்திருக்க நாமே தனி ஏற்பாடு செய்ய வேண்டும். ரெஸ்டிக் படிகள் எப்போதும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டவை. கடவுச்சொல் போனால் படியும் போனதுதான். அதைத் தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே வைக்கச் சொல்லி ஒரு வரி தடித்த எழுத்தில் வேண்டும்.

ஸ்னாப்ஷாட்டுக்கு வந்த 'நிலைப்படி'யை ஏற்க இயலவில்லை. அது வாசற்கதவின் கீழ்ச்சட்டம். நான் மேலே தற்காலிகமாக எழுதிய 'நிலைப்பதிவு' பொதுவாகத் தொனிக்கிறது. கணநிலை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது: ஒரு கணத்தில் இருந்த நிலை.

முழுப்படி, அதன்பின் முந்தைய படிக்குப் பின் மாறியதை மட்டும் எடுத்து ஒன்றையொன்று பற்றி வரும் தொடர்படி (இன்கிரிமென்டல்), இவை இரண்டும் தெளிவு. சங்கிலியில் ஒரு தொடர்படி பழுதானால் பின்னால் வருபவை பயனற்றுப்போகும் என்பதையும் அந்தப் பெயர் உணர்த்துகிறது. டிஃபரென்ஷியலுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி முழுப்படியோடு ஒப்பிட்டு, அதற்குப் பின் மாறிய அனைத்தையும் எடுப்பது அது. 'வேறுபாட்டுப்படி' எதனோடு வேறுபாடு என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். கையேட்டின் அந்தப் பத்தியை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.

அன்புடன்.