டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்: உங்களைத் தூங்கவிடாத அந்த ஒரு தடவை

ரிங்பஃபர்:
"நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்ட் அவுட்". இந்த வரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்; பார்க்காதவர்களுக்கு, அனுப்ப வேண்டிய பாக்கெட் வரிசை (க்யூ) நகரவே இல்லை என்று லினக்ஸின் காவல் டைமர் (வாட்ச்டாக்) போடும் எச்சரிக்கை இது. லினக்ஸ், பழைய நெட்வொர்க் கார்டு, அதன் டிரைவர் கோடு எங்கள் கையில். ராத்திரி பேக்கப் ஓடும்போது மட்டும் 5 வினாடி நெட் செத்துக் கிடக்கும், அப்புறம் வாட்ச்டாக் கார்டை ரீசெட் செய்து எழுப்பிவிடும். பிடித்துவிடலாம் என்று டிரைவரில் ஒரு பிரிண்ட்கே (கெர்னல் லாகில் ஒரு வரி எழுதும் கட்டளை) போட்டேன், பிழையைக் காணோம். எடுத்தேன், மறுநாளே ஆஜர். 3 வாரம் இந்தக் கண்ணாமூச்சி. கடைசியில் ஒரு தாளில் இரண்டு சிபியுவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வரி வரியாக ஓட்டினேன். ஒன்று ரிங் (கார்டு அனுப்பவேண்டிய பாக்கெட்டுகள் நிற்கும் வட்ட வரிசை) நிரம்பிவிட்டதைப் பார்த்து க்யூவை நிறுத்தப் போகிறது. அந்த இடுக்கில் மற்றது இன்டரப்டில் (அனுப்பி முடித்தேன் என்று கார்டு தரும் சிக்னலில்) நுழைந்து, அனுப்பி முடித்த பாக்கெட்டை எல்லாம் துடைத்துவிட்டு, க்யூதான் ஓடிக்கொண்டிருக்கிறதே, எதை எழுப்ப என்று போய்விடுகிறது. அதற்கப்புறம்தான் முதலாவது க்யூவை நிறுத்துகிறது. கடை காலி, ஷட்டர் மட்டும் சாத்தியிருக்கிறது, திறக்க இனி இன்டரப்டே வராது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தீர்வு: நிறுத்தியபின் ஒரு மெமரி பேரியர் (முன்பின் வரிசை மாறாமல் சிபியுவைக் கட்டிப்போடும் கட்டளை), ரிங்கை மறுபடி ஒரு பார்வை, இடமிருந்தால் எழுப்பு. 3 வரி.

நடுராத்திரி_அட்மின்:
எனக்கும் இதே டைம்அவுட், ஆனால் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு ஓஎஸ்ஸில். எங்கள் சீனியர் டைம்அவுட்டை 5லிருந்து 30 ஆக்கினார். லாக் சுத்தமாகிவிட்டது, போன்தான் நிற்கவில்லை.

கேபிள்மாற்று:
ரிங்பஃபர், எல்லாவற்றுக்கும் ரேஸ் (இரண்டு சிபியுவில் எது முந்துகிறது என்பதால் வரும் பிழை) என்று கிளம்பாதீர்கள். என்னுடையது வெறும் ஏஎஸ்பிஎம் (மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதி), கார்டை போர்டோடு இணைக்கும் பிசிஐஇ லிங்க் தூங்கப் போய் எழவில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்கள் முதலில் பூட் வரியில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் போடுங்கள், அப்புறம் ஈத்டூலில் (கார்டு செட்டிங்கை மாற்றும் கட்டளை) டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய பாக்கெட்டைத் துண்டாக்குவதைக் கடைசிவரை தள்ளிப்போடும் வசதிகள்) இரண்டையும் அணைத்துப் பாருங்கள், ப்ராக் டைரக்டரியில் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து டிராஃபிக் ஓடும்போது கார்டின் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறாவிட்டால் எம்எஸ்ஐ (இன்டரப்டை மெசேஜாக அனுப்பும் முறை) இல்லாமல் ஒரு தடவை பூட் செய்யுங்கள், கேபிளை மாற்றுங்கள், ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றுங்கள். கோடைத் தொடுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

ரிங்பஃபர்:
சார், சரிசெய்து முடித்த கதையைத்தான் சொன்னேன். ஏஎஸ்பிஎம் முதல் நாளே அணைத்தாயிற்று. லிங்க் தூங்கியிருந்தால் ரிங்கில் பாக்கெட் தேங்கி நிற்கும், எனக்கு ரிங் காலி. உறுத்துவதே அதுதான். ரீசெட்டுக்கு முன் கார்டின் நிலையைப் பதிந்து எடுத்த முதல் டம்பிலேயே ரிங்கின் ஹெட் 117, டெயில் 117; இரண்டும் ஒன்றென்றால் ரிங் காலி. அந்த வரியைத் தாண்டித்தான் 3 வாரமும் படித்துக்கொண்டிருந்தேன்.